லாரி எஞ்சினில் அடைபடும் காற்றும் அதனை வெளியேற்றும் முறையும்

கட்டுவண்டி ஓட்டிச் செல்பவர் நெடுவழியில் ஓரிடத்திலாவது நுகத்தை இறக்கி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டாமல் மேலே செல்வதில்லை. இக்காலத்தில் நெல்லும் நிலக்கடலையும் உளுந்தும் பெரும்பாலும் லாரிகளிலும் டிராக்டர்களிலுமே செல்கின்றன. எஞ்சினுக்கும் தண்ணீர் இன்றியமையாததே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. மாடு வயிறு நிறையக் குடித்ததா என்பதை அதனைப் பார்த்த அளவில் அறியலாம். எஞ்சினின் வயிறு நிறைந்ததா என்பதை ரேடியேட்டரின் வாயைப் பார்த்து அறிய இயலாது. வாய் வரையில் தண்ணீர் ததும்பி நிற்கும். உள்ளே மேடான ஓரிடத்தில் காற்று அடைபட்டுத் தங்கியிருக்கும். அந்தக் காற்றினால் நல்ல எஞ்சின் ஒரே பயணத்தில் கெட்டுவிடக் கூடும். அதனை அறியும் வகையும் வெளியேற்றும் முறையும் இங்கே விவரிக்கப்படுகின்றன.

புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், இசைக் கல்வெட்டினால் பெயர்பெற்ற குடுமியான்மலை உள்ளது. அங்கே அரசின் அண்ணா பண்ணையும், 2014-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வேளாண்மைக் கல்லூரியும் அமைந்துள்ளன. இவ்வட்டாரம் வானம் பார்த்த பூமி. குளங்களையும் கண்மாய்களையும் கிணறுகளையும் நம்பியது. கோடையில் வெயில் கடுமையானது. பாறைப் பாங்கான நிலத்தின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கடினமும் உடையது. வெயில், பாரம், கடின நீர் ஆகிய மூன்றும் கூடும் இத்தகைய இடத்தில் எஞ்சினின் குளிர்ப்பு ஏற்பாட்டில் உள்ள சிறு குறையும் விரைவில் வெளிப்பட்டுவிடும்.

இது லாரி முதலாளிக்கு மட்டும் உரிய கவலையன்று. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும் என்பது விதி. களத்தில் நன்றாய்க் காய்ந்த நெல்லை ஏற்றிய லாரி வழியில் நின்று, அன்றிரவே மழையும் பிடித்துக்கொண்டால், பட்ட பாடெல்லாம் வீணாகும். விதைப்புக்கு ஏற்ற ஈரம் நிலத்தில் நிற்பதோ சில நாட்களே; விதை ஏற்றிய வண்டி அந்நாட்களில் நின்றால் பருவம் தவறும். ஊராட்சியின் குடிநீர் லாரி கோடையில் நின்றால் ஊரே தவிக்கும்.

எஞ்சினின் உஷ்ணமும் தண்ணீரின் வேலையும்

எஞ்சினில் எரியும் டீசலின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குச் செல்வதில்லை. அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குளிர்நீருக்கு உஷ்ணமாகச் சேருகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிவதால் இவ்வாறு சேரும் உஷ்ணம், 30 டிகிரி செண்டிகிரேடில் உள்ள சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பாரம் ஏற்றிய லாரி மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் செலவழிக்கிறது என்பதை எண்ணினால், அதன் குளிர்நீர் எத்துணை வேலை செய்கிறது என்பது விளங்கும்.

அந்த உஷ்ணத்தைத் தண்ணீர் சிலிண்டர்களைச் சுற்றியும் ஹெட்டினுள்ளும் ஓடி ஏற்றுக்கொள்கிறது. பின்பு மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரை அடைந்து, காற்றாடியின் காற்றில் ஆறி, கீழ் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. முற்காலத்து வண்டிகள் பலவற்றில் இவ்வோட்டம் தானாகவே நடைபெற்றது. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு டி மாடல் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வாட்டர் பம்ப் கிடையாது. சுடுநீர் இலேசாகி மேலெழும். ஆறிய நீர் கனத்துக் கீழிறங்கும். மேல் குழாயின் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் குறைந்துவிட்டால் ஓட்டம் அறுபட்டு வண்டி கொதிக்கும். இக்காலத்து லாரிகளில் பம்ப் உண்டு, தெர்மாஸ்டாட் உண்டு, அழுத்த மூடி உண்டு. ஆயினும் குழாயில் காற்று நின்றால் தண்ணீரின் ஓட்டம் தடைப்படும் என்பது அன்றும் இன்றும் மாறாத உண்மையாகும்.

காற்று செய்யும் தீங்கு

ஒரே கொள்ளளவுள்ள காற்றையும் தண்ணீரையும் ஒப்பிட்டால், தண்ணீர் ஏற்கும் உஷ்ணம் காற்று ஏற்பதைப்போல் சுமார் 3,500 மடங்காகும். ஆகவே ஹெட்டின் ஒரு மூலையில் தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் காற்று இருந்தால், அவ்விடத்து உஷ்ணத்தைக் கொண்டுபோக ஒன்றும் இல்லை என்றே கொள்ளவேண்டும். அவ்விடம் மட்டும் அளவுக்கு மீறிக் காயும். மற்ற இடம் ஆறியும் ஓரிடம் காய்ந்தும் இருப்பதால் ஹெட் கோணும், வெடிப்பும் காணலாம், ஹெட் கேஸ்கெட் எரிந்துவிடும்.

இரண்டாவது தீங்கு பம்பைச் சார்ந்தது. கிணற்றடியில் மோட்டார் பம்ப் வைத்திருப்போர் இதனை நன்கு அறிவர். அடிவால்வு கசிந்து குழாயில் காற்றுப் புகுந்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. லாரியின் வாட்டர் பம்பும் அத்தகையதே. அதனுள் காற்று சேர்ந்தால் அது வெறுமனே சுழலுமேயன்றித் தண்ணீரைத் தள்ளாது.

மூன்றாவது தீங்கு எல்லாவற்றினும் வஞ்சகமானது. உஷ்ணத்தைக் காட்டும் கருவியின் முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் மெய்யைச் சொல்லும். அம்முனை காற்றில் நின்றால், எஞ்சின் காய்ந்துகொண்டிருக்கும்போதே மீட்டர் முள் தாழ்ந்து நிற்கக் கூடும். முள் தாழ்ந்திருக்கிறதே என்று ஓட்டுநர் கவலையின்றிச் செல்வார்.

காற்று நுழையும் வழிகள்

பெரும்பான்மையான காற்று, மனிதர் கையினாலேயே நுழைகிறது. ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் முதலியவற்றைப் பழுதுபார்க்கத் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடியும் அவசரமாக ஊற்றும்போதுதான் காற்று அடைபடுகிறது. ஒரு குடத்தைக் குப்புறப் பிடித்துக் குளத்தில் அமிழ்த்தினால் உள்ளே தண்ணீர் புகாது. உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லாமையே காரணம். சற்றே சாய்த்தால் குமிழியிட்டுக் காற்று வெளிப்படும், தண்ணீர் உட்புகும். எஞ்சினுக்குள் மேடான இடங்கள் பல உண்டு. ஹெட்டின் மேற்பகுதி, தெர்மாஸ்டாட் கூடு, டிரைவர் அறையில் ஹீட்டர் இருந்தால் அதன் குழாய்கள் ஆகியவை அத்தகையவை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கு இணங்கிய லாரிகளில் புகைவாயுவை ஆற்றும் கூலர் போன்ற உறுப்புகளும் சேர்ந்திருப்பதால், காற்றுத் தங்கும் இடங்கள் கூடியுள்ளன.

தெர்மாஸ்டாட் என்பது எஞ்சின் சூடேறும் வரையில் மூடியிருக்கும் கதவு. பல லாரிகளில் அது 80 டிகிரிக்குச் சற்று மேலே திறக்கத் தொடங்கும். ஆறிய எஞ்சினில் தண்ணீர் ஊற்றும்போது அக்கதவு மூடியே இருப்பதால் அதன் பின்னுள்ள காற்று எளிதில் வெளிவராது. இதற்காகவே பல தெர்மாஸ்டாட்களில் ஆடும் ஊசியுடன் கூடிய ஒரு சிறு துளை வைக்கப்பட்டுள்ளது. அந்த ஊசி மேற்பக்கமாக அமையுமாறு பொருத்தவேண்டும். கீழ்ப்பக்கமாகப் பொருத்திவிட்டால் துளை இருந்தும் பயனில்லை. சிலர் தெர்மாஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுகின்றனர். இது தவறான வழக்கம். எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் ஓடினால் தேய்மானம் மிகும். டீசலும் அதிகம் செலவாகும்.

அறிகுறிகள்

தண்ணீர் மாற்றியபின் ஓரிரு நாட்களுக்குள் பின்வரும் குறிகள் தோன்றினால் காற்று அடைபட்டிருப்பதாக ஐயுற வேண்டும். மீட்டர் முள் திடீரென்று ஏறித் திடீரென்று இறங்கும். எஞ்சின் சூடேறிய பின்னரும், மேல் ஹோஸ் கொதிக்கக் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். எஞ்சினிலோ ஹீட்டர் குழாயிலோ குளகுளவென்று ஓசை கேட்கும். கசிவு எங்கும் காணப்படாமலே தண்ணீர் மட்டம் ஓரிரவில் தாழ்ந்திருக்கும். இவற்றுள் சில, தெர்மாஸ்டாட் சிக்கிக்கொள்வதாலும் ரேடியேட்டர் அடைத்துக்கொள்வதாலும் தோன்றக் கூடும். ஆகவே குறியை மட்டும் நம்பாமல் கணக்கையும் பார்த்தல் வேண்டும்.

அளந்து வடித்து அளந்து ஊற்றுதல்

காற்று நிற்கிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதற்குக் கருவி வேண்டுவதில்லை. ஓர் அளவு வாளி போதும். வடிக்கும் தண்ணீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மறுபடியும் ஊற்றும்போதும் அளந்து ஊற்றவேண்டும். உதாரணமாக, வடித்தது 24 லிட்டர் என்று கொள்வோம். 20 லிட்டர் ஊற்றியதும் ரேடியேட்டர் ததும்பிவிட்டால், எஞ்சிய 4 லிட்டருக்கு உரிய இடத்தில் காற்று நிற்கிறது என்பது தெளிவு. களத்தில் மரக்கால் எண்ணி அளந்தபின் மூட்டை ஒன்று குறைந்தால் எவரும் வாளாவிருப்பதில்லை. இதுவும் அத்தகைய குறைவே. வடிக்கும் முன்னரே தண்ணீர் குறைந்திருக்கக் கூடுமாதலால், லாரியின் கையேட்டில் குறித்துள்ள முழுக் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

காற்றை வெளியேற்றும் முறை

முதலாவது: எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். கை வைத்துப் பார்த்துச் சூடு இல்லையென்று உறுதிசெய்த பின்னரே மூடியைத் திறக்கலாம்.

இரண்டாவது: ரேடியேட்டரின் வாய் மற்றெல்லா இடங்களையும்விட உயர்ந்திருக்குமாறு, லாரியின் முன்பக்கம் மேடாக அமைய நிறுத்தவேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தல் அவசியம். காற்று மேல்நோக்கியே செல்லும் இயல்புடையது. வழி மேலே இருந்தால் அது தானே வெளியேறும்.

மூன்றாவது: தெர்மாஸ்டாட் கூட்டின் மேலும் ஹெட்டிலும் ரேடியேட்டரின் மேற்பகுதியிலும் காற்றுத் திருகுகள் இருப்பின் அவற்றைத் தளர்த்த வேண்டும். சில லாரிகளில் திருகுக்குப் பதிலாக, ஹெட்டிலிருந்து உபரித் தொட்டிக்குச் செல்லும் மெல்லிய குழாய் இருக்கும். அதில் அழுக்கு அடைத்திருந்தால் நீக்கவேண்டும். ஹீட்டர் இருந்தால் அதனை முழுச் சூட்டு நிலையில் திறந்து வைத்தல் வேண்டும்.

நான்காவது: தண்ணீரை மெதுவாக ஊற்றவேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேற்படாமல் ஊற்றுவது நலம். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதனையே பின்பற்றவேண்டும். மடை திறந்தாற்போல் ஊற்றினால் உள்ளிருக்கும் காற்று வெளியேற அவகாசமின்றி அடைபடும். திருகுகளில் முதலில் காற்றும், பின்பு குமிழி கலந்த நீரும், இறுதியில் குமிழியற்ற நீரும் வரும். குமிழியற்ற நீர் வந்தவுடன் அத்திருகை மூடவேண்டும். கீழுள்ள திருகு முதலிலும் உயரத்திலுள்ளது கடைசியிலும் மூடப்படும்.

ஐந்தாவது: மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினைத் தொடக்கி மெதுவாக ஓடவிட வேண்டும். முகத்தை ரேடியேட்டர் வாய்க்கு நேரே கொண்டுபோதல் கூடாது. ஹோஸ் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே, காற்றாடியிலும் பெல்ட்டிலும் கை படாத பக்கமாக நின்று, மேல் ஹோஸைச் சிலமுறை அழுத்தி விட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் குமிழிகள் நகரும். தெர்மாஸ்டாட் திறந்ததும் தண்ணீர் மட்டம் தாழும். அப்போது சிறிது சிறிதாக ஊற்றி நிரப்பவேண்டும். குமிழி நின்று மட்டம் நிலைத்ததும் மூடியை இறுக்கவேண்டும்.

ஆறாவது: சிறிது தூரம் பாரமின்றி ஓட்டி, இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் காலையில் மட்டத்தைப் பார்த்துக் குறைந்ததை நிரப்பவேண்டும். ஊற்றிய அளவு முழுவதையும் கூட்டி வடித்த அளவுடன் ஒப்பிடவேண்டும். இரண்டும் ஒத்துவந்தாலன்றிப் பாரம் ஏற்றலாகாது.

குமிழி ஓயாவிடில்

மேற்கூறிய முறைப்படி செய்தும் குமிழி இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தால், அது அடைபட்ட காற்றன்று. எங்கோ புதிதாக நுழையும் வாயு என்று அறியவேண்டும். எஞ்சினை முடுக்குந்தோறும் குமிழி மிகுந்தால், ஹெட் கேஸ்கெட் பழுதாகிச் சிலிண்டரின் வாயு தண்ணீரில் கலக்கிறது என்று ஐயுறலாம். கீழ் ஹோஸின் கிளிப்பு தளர்ந்தாலும், பம்பின் சீல் தேய்ந்தாலும், பம்ப் இழுக்கும் பக்கத்தில் காற்று உறிஞ்சப்படும். அவ்விடத்தில் தண்ணீர் வெளியே கசியாமலும் இருக்கலாம். அழுத்த மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் தண்ணீர் முன்கூட்டியே கொதித்து நீராவி உண்டாகும். சதுர அங்குலத்துக்கு 1 பவுண்டு அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயருகிறது. மூடி செய்யும் பேருதவி இதுவே. இக்குறைகளைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்; மேலும் மேலும் தண்ணீர் ஊற்றி ஓட்டிச் செல்லுதல் பயன்படாது.

உயிருக்கு ஆபத்தான இரண்டு பிழைகள்

வழியில் லாரி கொதித்து நின்றதும், கிளீனர் பையன் துணியைச் சுற்றி மூடியைத் திறக்க முற்படுவது பலவிடத்தும் காணப்படும் வழக்கம். இது கொடிய விபத்துக்கு இடமாகும். மூடியின் அழுத்தத்தினால் தண்ணீர் 110 டிகிரியிலும் கொதியாமல் அடங்கி நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் அவ்வழுத்தம் நீங்கும். தண்ணீரின் ஒரு பகுதி உடனே நீராவியாகும். 20 லிட்டர் தண்ணீர் 110 டிகிரியில் இருந்தால் எழும் நீராவி சுமார் 600 லிட்டர் இடத்தை அடைக்கும். அது சுடுநீரையும் உடன் வாரிக்கொண்டு முகத்திலும் மார்பிலும் பாயும். துணி அதனைத் தடுக்காது. சுடுநீர் பட்டுவிட்டால், அவ்விடத்தில் குழாய்நீரை 20 நிமிடம் இடைவிடாமல் ஊற்றி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இரண்டாவது பிழை, காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவது. காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளித்தாற்போல் வார்ப்பிரும்பு சடுதியில் சுருங்கி வெடிக்கக் கூடும். எஞ்சின் தானே ஆறும் வரையில் பொறுத்திருப்பதே வழி. ஒரு மணி நேரம் தாமதமாவதால் வரும் நஷ்டம், ஹெட் வெடிப்பதால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிடத்தக்கதன்று.

எந்தத் தண்ணீர் ஏற்றது

வழியோரத்துக் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ரேடியேட்டரில் ஊற்றுவது நாளடைவில் கேடு தரும். கடின நீரிலுள்ள சுண்ணாம்பு, பாத்திரத்தின் அடியில் படிவதுபோல் எஞ்சினுள்ளும் படியும். அப்படிவு உஷ்ணத்தைத் தடுப்பதோடு காற்று செல்லும் சிறு துளைகளையும் அடைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும், கையேடு கூறும் விகிதத்தில் கலந்து பயன்படுத்தப்படல் வேண்டும். பாதிக்குப் பாதியாக எத்திலீன் கிளைக்கால் கலந்த நீர், அழுத்தமின்றியே சுமார் 107 டிகிரி வரையில் கொதியாது. இரும்பு துருப்பிடிக்காமல் காக்கும் மருந்துகளும் கூலண்டில் சேர்ந்துள்ளன. இவ்வட்டாரத்தில் பனிக்கட்டி உறையும் அச்சம் இல்லையாயினும், இவ்விரு காரணங்களால் கூலண்ட் நமக்கும் வேண்டுவதே.

கால்நடை வைத்திருப்போர் ஒன்றை மறத்தலாகாது. எத்திலீன் கிளைக்கால் தித்திப்பானது. கொடிய நஞ்சும் ஆகும். வடித்த கூலண்டைத் தரையிலோ வாய்க்காலிலோ விட்டால் மாடும் ஆடும் நாயும் அதனைக் குடித்து மடியக் கூடும். மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து, குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்து, பணிமனையில் ஒப்படைத்தல் வேண்டும்.

முடிவுரை

டிராக்டருக்கும், தண்ணீரால் குளிரும் டீசல் எஞ்சின் பம்புசெட்டுக்கும் இம்முறைகள் பெரும்பாலும் பொருந்தும். ஊராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தத்தம் வண்டிக்கு ஒரு சிறு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் மாற்றிய தேதி, வடித்த அளவு, ஊற்றிய அளவு, மறுநாள் காலையில் சேர்த்த அளவு ஆகிய நான்கு கலங்கள் அதில் இருந்தால் போதும். வண்டி பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பும்போது பொறுப்பாளர் அந்த நான்கு எண்களையும் கேட்டு எழுதவேண்டும். எண்கள் ஒத்துவராத வண்டியை, அவசரம் எத்துணைப் பெரிதாயினும், பாரம் ஏற்றி அனுப்பாமல் நிறுத்திவைத்தல் வேண்டும்.